திருக்கைக் குடா

பர்மிங்ஹாமில் ஒட்டிய தலை,
ராஜாவின் கன்னத்தில் மழைத்துளி காய்ந்த வட்டம்.
பெறுநர்: மதாம் தெயோதோரா அல்சிந்தோர்,
ஆன்ஸ் லா ரே.
அதற்குக் கீழே ஒரு சொல்
ஈரத்தில் ஊறி நீலப் புகையாகியிருந்தது.

எங்கள் ஆன்ஸ் லா ரே என்று எண்ணி
யாரோ விமானம் ஏற்றிவிட்டார்கள்.

கூட்லண்ட்ஸ் தபால் நிலையம், செவ்வாய்க்கிழமை.
ஜோஸ்லின் இரண்டு நாள் சுற்றினான்.
படகுத்துறையில் கேட்டான்,
ஹோட்டல் காவலாளியிடம் கேட்டான்,
கொடியில் ஆக்டோபஸ் உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டான்.
"பா கொனே."
தெரியாது.
அல்சிந்தோர் என்று ஒரு நாய்கூட அங்கே இல்லை
என்று என் மேசையில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

கண்ணாடியைக் கழற்றி, உறையை மூக்கருகே பிடித்தேன்.
எஸ். டி. ஒரு புள்ளி.
பிறகு எல்.

சுவரில் உலகப் படம் ஒன்று இருக்கிறது,
நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பழையது.
மடித்து மடித்து
மடிப்புகள் கூடும் இடத்தில் ஓட்டை.
சரியாக அங்கேதான் அந்த நாடு இருக்க வேண்டும்.
ஓட்டை வழியே சுவரின் பச்சைச் சுண்ணாம்பு.
மலையும் மழைக்காடும் உள்ள ஊருக்கு
அவ்வளவு தவறான நிறமில்லை.

இரவு, மகனின் சரித்திரப் புத்தகம்.
சான் லூசி பதினாலு தடவை கைமாறியதாம்.
அடகுக் கடை வளையல்போல
பிரெஞ்சுக்காரன் மீட்பான், இங்கிலீஷ்காரன் மீட்பான்,
மறுபடி வைப்பான்.
எங்கள் கதை கொஞ்சம் சிக்கனம்.
டச்சுக்காரன் கரும்பை நட்டு, டோடோவை முடித்து, எழுந்து போனான்.
பிரெஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்தான்.
பிறகு ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலில்
பாரிஸில் ஒரு காகிதம், எட்டாம் பிரிவு:
தொபாகோவும் சான் லூசியும், இல் த ஃபிரான்ஸும்.
இல் த ஃபிரான்ஸ் நாங்கள்.
ஒரே வாக்கியம். பேனாவை ஒரே முறை முக்கியிருப்பான்.
அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே
கிடந்தது ஒரு காற்புள்ளி.

கடிதம் அதைத்தான் தாண்டி வந்திருக்கிறது.

இருபது வருடம் கழித்து எங்கள் கப்பல்.
இன்னொரு கால் நூற்றாண்டில், கல்கத்தாவிலிருந்து, அவர்களுக்கும் ஒன்று.
என் சட்டை வில்லையில் "வலாய்தோன்" என்றிருக்கிறது.
வேலாயுதன் என்று சொல்ல வாயெடுத்தவரை
பாதியில் நிறுத்திய குமாஸ்தாவின் கைவண்ணம்.
நானும் குமாஸ்தாதான்,
அவன் அவசரம் எனக்குப் புரிகிறது.
மன்னிப்பது வேறு.

ஆன்ஸ் என்றால் குடா. ரே, திருக்கை மீன்.
இரண்டு கடலிலும் ஆழமில்லாத நீரை எட்டிப் பார்த்து
பசித்த எவனோ ஒருவன் வைத்த பெயர்.
அங்கேயும் பித்தோன் என்றால் மலை,
அங்கேயும் ஆங்கிலத்தில் சட்டம், கிரியோலில் சண்டை.
புயல் மட்டும்
எங்களுக்கு வலம்புரி, அவர்களுக்கு இடம்புரி.
கூரைத் தகரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

லூசியா கண்ணைத் தட்டில் ஏந்திய புனிதையாம்.
எனக்குக் கண்ணப்பன் ஞாபகம் வந்தது,
வாயில் எச்சில் நீரோடு அவன் ஓடிய ஓட்டம்.
விளக்கை அணைத்தேன்.

மறுநாள், இழுப்பறையின் அடியில் அந்த முத்திரை:
தவறி வந்தது, மொரீசியஸ்.
இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து தடவை எடுத்திருப்பேன்.
மைத்தட்டு வறண்டு வெடித்திருந்தது, துளி நீர் விட்டேன்.
உறையில் ஓங்கிக் குத்தும்போது
ஏனோ வில்லையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

சிவப்புப் பேனாவில் நாட்டின் பெயரை முழுசாய் எழுதி,
கீழே மேற்கிந்தியத் தீவுகள் என்றும் எழுதினேன்.
வழி தெரியாத மாலுமி ஒருவன் போட்ட முகவரி அது,
ஐந்நூறு வருடமாய் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஜோஸ்லின் கேட்டான்,
"அந்த மதாமுக்குப் போயிருக்குமா?"
கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:
"பா கொனே."